ஐம்பத்து மூன்று முகூர்த்தம்

பதின்மூன்றாவது கட்டம் வரைக்கும் மங்கையர்க்கரசி ஒரு தப்பும் செய்யவில்லை. பெயர், வயது முப்பத்தொன்பது, தொழில் மணப்பெண் அலங்காரம், காயம் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், காயத்துக்குக் காரணம் பூ தூவும் டிரோன். எல்லாவற்றையும் இடது கையால் கோணல் மாணலாக எழுதி முடித்திருந்தாள். பதினான்காவது கட்டம்தான் வம்பு செய்தது. 'இக்காயத்தால் விண்ணப்பதாரருக்கு ஏற்பட்ட நன்மைகள் ஏதேனும் இருப்பின் குறிப்பிடவும்.'

புத்தியுள்ளவர்கள் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பதினைந்துக்குப் போய்விடுவார்கள். மங்கைக்குக் கை வரவில்லை. பதினெட்டு வருஷமாகக் கல்யாண மண்டபங்களின் பெண் அறையே கதி என்று கிடந்தவள். பெண் அறையில் 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. ஊக்கு தீர்ந்துபோனால் 'ஊக்கு நிறைஞ்சிருச்சு, வாங்கிட்டு வாங்க' என்பாள். பூ பத்தாவிட்டால் 'பூ இன்னும் வேணும்' என்பாள். அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதில் 'இல்லை' விழுந்தால் அவள் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று இல்லாமல் போய்விடும் என்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பயம். இப்போது பெண்ணே அவள்தான். கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் நன்மை ஏதும் இல்லை என்று தன் கையாலேயே எழுதுவாளா?

எழுதினாள், இப்படி: 'எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெயர் தங்கமாயன், சொந்த ஆட்டோ. அடிபடாவிட்டால் இவரை நான் பார்த்தே இருக்க மாட்டேன். ஆண்டவனுக்கு நன்றி.' அதோடு விட்டாளா? ஓரத்தில் ஒரு பூவும் வரைந்து வைத்தாள்.

அந்தப் பூ அவளுக்கு நாலு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்க்கு வேட்டு வைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

விசாரணை தேனியில், ராஜகோகிலம் மஹாலில் நடந்தது. ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, மண்டபம் வாடகைக்கு மலிவு. அதனால் சுயதொழில் இழப்பீட்டு மன்றம் வருஷா வருஷம் ஆடியில் மண்டபம் மண்டபமாகப் போய் உட்காரும். மணமேடையில் மேசை போட்டு ஆணையர் குணசுந்தரி. அவருக்குப் பின்னால், மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஓடும் அதே பெரிய திரை. பக்கத்தில், பீரோவைப் படுக்கப் போட்டது போல ஒரு இயந்திரம். அரசாங்கம் அதற்கு 'மாற்று நடப்புக் கணிப்பி' என்று பெயர் வைத்தது. ஜனங்கள் வைத்த பெயர் 'இருந்திருந்தா பெட்டி'.

மங்கைக்கு முந்திய வழக்கு புரோட்டா மாஸ்டர் பால்பாண்டியுடையது. தோள்பட்டை இறங்கி ஆறு மாதம் கடையை மூடியவர். அவருக்குப் பெட்டியைப் பார்த்தாலே உதறியது.

"இது என்ன சார் செய்யும்?" என்று ஆபரேட்டர் நூருல்லாவிடம் கேட்டார்.

"மாசச் சம்பளக்காரன்னா சம்பளச் சீட்டைக் காட்டுவான், சோலி முடிஞ்சுது. உங்களுக்கு எதுண்ணே சீட்டு?"

"என் வாய்தான் சீட்டு."

"அதுக்குத்தான் இது. உங்க போனு, காசு வாங்குன ஆப்பு, தெருக் கேமரா, கடைக்கு வந்தவங்க போனு, எல்லாத்தையும் உள்ள போட்டா, அந்த ஆறு மாசத் தேனியை அப்படியே உள்ள கட்டிரும். அதுக்குள்ள உங்களையும் விட்டுரும், தோள்பட்டை நல்லா இருக்குற உங்களை. அவரு என்ன சம்பாதிக்கிறாரோ அதுதான் உங்க இழப்பு."

"அவரு நல்லா வேலை செய்வாரா?"

"நீங்க செய்யிற அளவுக்குச் செய்வாரு," என்றான் நூருல்லா.

பால்பாண்டி ஒரு நாளைக்கு எழுநூறு புரோட்டா என்று எழுதிக் கொடுத்திருந்தார். திரையில் அவருடைய இரட்டை நன்றாகத்தான் மாவு வீசினார். மத்தியானம் இரண்டு மணியானதும் கடையைச் சாத்திவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஐந்து மணி வரைக்கும் கேரம் ஆடினார். தினமும் ஆடினார். ஆறு மாதமும் ஆடினார்.

"சரக்கு எடுக்கப் போறேன், சரக்கு எடுக்கப் போறேன்னு போனது இதுக்குத்தானா?" என்று நாற்காலி வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தாள். எழுநூறு முந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியதைக்கூட பால்பாண்டி பொறுத்துக்கொண்டார். மனைவி பக்கத்தில் போய் உட்காருவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மண்டபமே சிரித்தது. மங்கையும் சிரித்தாள், அடுத்தது தன் முறை என்று ஞாபகம் வரும் வரைக்கும். ஒருத்தர் வாழ்க்கையை இப்படியா எல்லார் முன்னாலும் அவிழ்த்துப் போடுவது?

அவளுக்கு இந்தப் பணம் வேண்டும். ஆடம்பரத்துக்கு இல்லை. மோட்டார் வைத்த விரலுறை ஒன்று வந்திருக்கிறது, தோல் மாதிரி மெல்லிசு, விலை நாலு லட்சத்து இருபதாயிரம். அதைப் போட்டால் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடும். தொட்டால்தான் புடவைக்கு மடிப்பு வரும். மடிப்பு வந்தால்தான் தொழில். அந்த இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட்டுப் பதினோரு மாதம் ஆகிறது.

போன ஆவணியில் இதே மண்டபத்தில்தான் அது நடந்தது. பூ தூவும் டிரோன் ஐந்து கிலோ ரோஜா இதழைச் சுமந்துகொண்டு மணமேடைக்கு மேலே வந்தது. யாரோ இதழ்மேல் பன்னீர் தெளித்திருந்தார்கள். நனைந்த பூ வாயில் அடைத்துக்கொள்ள, டிரோன் பூவோடு சேர்ந்து கீழே இறங்கியது. மங்கை பாய்ந்து கையை நீட்டினாள். பெண்ணின் தலையைக் காப்பாற்றினாள் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், அவள் காப்பாற்றப் பார்த்தது கொண்டையை. இரண்டு மணி நேரம் பின்னிய கொண்டை அது.

வாசலில் நின்ற ஆட்டோதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஓட்டியவர் தங்கமாயன். நாற்பத்து மூன்று வயது, மீசையில் நாலு வெள்ளை, வாயில் முத்து உதிராது. அப்புறம் பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் அவரே வந்து நின்றார். முதல் மாதம் அவள் எல்லா ஆட்டோக்காரர்களையும் கூப்பிடுவது போல 'அண்ணே' என்றாள். இரண்டாம் மாதம் அண்ணே உதிர்ந்து மொட்டையாக 'வாங்க, போங்க' ஆனது. மூன்றாம் மாதம் 'ஏங்க' ஆனது. தெருவில் இருக்கிறவர்களுக்கு அதுவே போதுமான பத்திரிகை.

"அடுத்து, மங்கையர்க்கரசி," என்றார் ஆணையர்.

திரையில் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு ஆவணி, ஒரு ராஜகோகிலம் மஹால், ஒரு டிரோன். அங்கே இதழ் நனையவில்லை. பூ சொரிந்தது, டிரோன் சமர்த்தாகத் திரும்பிப் போனது. அதற்கடுத்த முகூர்த்தம், அதற்கடுத்த முகூர்த்தம் என்று இன்னொரு மங்கை அலங்காரப் பெட்டியும் கையுமாக ஓடினாள். பட்டுப் புடவையின் கொசுவத்தை அவள் பிடிக்கிற இடத்தில் நூருல்லா ஓட்டத்தை மெதுவாக்கினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டை உருவி, மடித்து, உருவி, மடித்து, ஏழு மடிப்பும் ஒரே அகலத்தில் விழுந்தன.

மங்கைக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இந்த விரல் தன் கையில்தான் இருந்ததா? இவ்வளவு அழகாகவா இருந்தது? இருந்தபோது ஒரு நாளாவது நின்று பார்த்தோமா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கமாயன் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறந்து நீட்டினார். அவளுக்கு மூடி திறக்க வராது என்று அவருக்குத் தெரியும்.

"பதினோரு மாசத்துல அம்பத்து மூணு முகூர்த்தம், அம்பத்து மூணுக்கும் போயிருக்காங்க மேடம். வரவேற்பு தனி. செலவு போக நாலு லட்சத்து எழுபதாயிரம்," என்றான் நூருல்லா.

கூட்டம் கைதட்டியது. மங்கை மனசுக்குள் விரலுறையைப் போட்டுப் பார்த்துவிட்டாள். அப்போதுதான் காப்பீட்டுக் கம்பெனியின் பிரதிநிதி ஜெயசீலன் எழுந்தார். பொறுமையான மனிதர், ஐம்பது வயது, படிவத்தை இரண்டு கையாலும் ஏதோ குழந்தையைத் தூக்குவது போலப் பிடித்திருந்தார்.

"தொகையை நாங்க மறுக்கலைங்க மேடம். விதி ஒன்பது. காயத்தால நஷ்டம் வந்தா நாங்க தரணும். அதே காயத்தால லாபம் வந்திருந்தா அதைக் கழிச்சுக்கணும். பதினாலாவது கட்டம் பாருங்க. 'அடிபடாவிட்டால் இவரை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.' அம்மாவே எழுதியிருக்காங்க. பூவெல்லாம் வரைஞ்சிருக்காங்க."

"கல்யாணத்தை எப்படிங்க லாபத்துல சேப்பீங்க?" என்று பூக்கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எங்களுக்கு அட்டவணை இருக்குங்க. சொந்த ஆட்டோ இருக்குற மாப்பிள்ளை. போக்குவரத்துச் செலவு மிச்சம். வாடகையில பாதி. வீட்டு வேலையில பங்கு. சமைப்பாருங்களா?"

"நல்லா சமைப்பாரு," என்றாள் மங்கை, பெருமை தாங்காமல். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"அப்ப அதுக்கும் போட்டுக்கணும்," என்று ஜெயசீலன் குறித்துக்கொண்டார். "இருபத்தஞ்சு வருசத்துக்கு, ஆறு லட்சத்து எண்பதாயிரம். நியாயப்படி பாத்தா இவங்கதான் எங்களுக்கு ரெண்டு லட்சத்துச் சொச்சம் தரணும். அதை நாங்க கல்யாணப் பரிசா விட்டுர்றோம்."

மண்டபம் ஒரு விநாடி திகைத்துப்போய், பிறகு கொல்லென்று சிரித்தது. தங்கமாயன் காது வரை சிவந்து உட்கார்ந்திருந்தார். தன் விலை ஆறு லட்சத்து எண்பதாயிரம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டாள்.

தங்கமாயன் அவள் பக்கம் குனிந்தார். "நான் எந்திரிச்சு, எனக்கும் இவங்களுக்கும் ஒண்ணுமில்ல, கல்யாணம் நின்னு போச்சுன்னு சொல்லிர்றேன். பணம் வந்துரும்ல?"

"சொல்லுவீங்களோ?"

"ஒரு ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் நிச்சயம் பண்ணிக்கிட்டாப் போச்சு. விரல் முக்கியம் மங்கை."

"இந்த வாயில கல்யாணம் நின்னுச்சுங்குற பேச்சு இன்னொரு தரம் வந்துச்சு, உங்களை நான் இங்கயே என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது," என்றாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பதில் சொல்ல அவள் முன்னால் வைத்திருந்த மைக் அணைக்காமல் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. விசில் பறந்தது.

ஆணையர் குணசுந்தரி மேசையைத் தட்டினார். அவருக்கும் உதட்டோரம் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"விதி ஒன்பதை மட்டும் படிச்சீங்க சார். ஒன்பது-அ இருக்கே?"

"கொடைகளைப் பத்தினது மேடம்."

"அதேதான். அடிபட்டவருக்கு ஊரார் உறவினர் தன் மனசால தர்ற எதையும் கழிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரங்க கஞ்சி வச்சுக் குடுத்தா அதை கம்பெனி கணக்குல சேர்க்க முடியாது. இவர் காயத்தால வந்தவரா, இல்ல தன்னால வந்துக்கிட்டிருந்தவரா? அதான் கேள்வி."

"அவங்க கைப்பட எழுதினதே சாட்சி மேடம். காயம் இல்லேன்னா இவரும் இல்ல."

"அது அவங்க நினைப்பு. நூருல்லா, உள்ள இருக்குற ஊர்ல இந்த ஆட்டோ எங்க இருக்குன்னு தேட முடியுமா?"

"தேடலாம் மேடம். ஆட்டோ ஆப்புல எல்லாப் பயணமும் இருக்கு. ஆனா அவரு கையெழுத்துப் போடணும்."

எல்லோரும் தங்கமாயனைப் பார்த்தார்கள். சிவந்திருந்த முகம் இப்போது வெளுத்துவிட்டது.

"அது வேணாம் மேடம்," என்றார்.

மங்கை திரும்பிப் பார்த்தாள். "ஏன்?"

"வேணாம்னா விட்டுரேன்."

"ஏங்குறேன்?"

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மங்கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேரம் ஆடிய மாஸ்டரின் மனைவி வேறு, எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது என்பது போலத் தலையை ஆட்டினாள். அடிபடாத ஊரில் இந்த மனுஷன் யாரோடு இருக்கிறார்? எந்த வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கிறது? நாற்பத்து மூன்று வயது வரை ஒரு ஆம்பிளை சும்மாவா இருந்திருப்பான்? நம் புத்திக்கு இது ஏன் முன்னமே எட்டவில்லை?

"கையெழுத்துப் போடுங்க," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அவர் போட்டார்.

திரையில் மறுபடியும் ஆவணி. மணி காலை ஒன்பதரை. முகூர்த்தம் முடிந்து திரையில் இருக்கும் மங்கை பெட்டியோடு மண்டப வாசலுக்கு வருகிறாள். காதில் போன், அடுத்த கல்யாணப் பெண்ணின் அம்மா. வாசலின் இடது பக்கம், வேப்பமரத்தடியில் பச்சைக் கோடு போட்ட ஒரு ஆட்டோ. உள்ளே தங்கமாயன், தலையைச் சீவி, நெற்றியில் திருநீறு வைத்து.

பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் ஆட்டோவிடம் வந்து, "பஸ் ஸ்டாண்டு போகணும்ப்பா" என்றாள்.

"சார்ஜ் இல்லைங்க," என்றார் திரையில் இருந்த தங்கமாயன். ஆட்டோவின் முகப்பில் பேட்டரி முழுசு என்று பச்சை விளக்கு பளபளத்தது.

மங்கை கடந்து போனாள், போனில் பேசிக்கொண்டே. ஆட்டோ கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காலியாகவே கிளம்பியது.

"அடுத்த முகூர்த்தம்," என்றான் நூருல்லா. அங்கேயும் வேப்பமரம், ஆட்டோ, திருநீறு. நாலு பேர் குடும்பமாக வந்து கேட்டார்கள். "சார்ஜ் இல்லைங்க." மங்கை கடந்து போனாள்.

மூன்றாவது, வேறு மண்டபம், பெரியகுளம் ரோடு. அங்கேயும் அதே ஆட்டோ. மண்டபத்தில் யாரோ "மூணு!" என்றார்கள். நாலாவதுக்குப் பத்துப் பேர் சேர்ந்து "நாலு!" என்றார்கள். பத்தாவது வந்தபோது விசாரணைக்கு வந்திருந்த ஆட்டு வியாபாரி, தையல்காரர், பூக்கட்டுகிறவர்கள், வாசல் காவலாளி எல்லோரும் ஒரே குரலில் எண்ணினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தங்கமாயன் நாற்காலியில் ஒரு விரற்கடை கீழே இறங்கினார்.

இருபத்தி ஆறாவதில் மழை. பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மங்கை ஓடுகிறாள். உள்ளே இருந்த தங்கமாயன் ஆட்டோவை விட்டு ஒரு காலைக் கீழே வைத்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"கூப்பிடுய்யா!" என்று பால்பாண்டி கத்தினார்.

முப்பத்தெட்டாவதில் மங்கையின் கையிலிருந்து ஊக்கு டப்பா ஆட்டோவின் முன் சக்கரத்துப் பக்கத்திலேயே விழுந்தது. அவள் குனிந்தாள். மண்டபமே நாற்காலி நுனிக்கு வந்தது. எடுத்தாள், துடைத்தாள், நிமிர்ந்தாள், நேராகப் போய் மினி பஸ்ஸில் ஏறினாள். அய்யோ என்று ஒரு பெருமூச்சு மண்டபத்தை விட்டுக் கிளம்பியது.

மங்கையால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, விரல் வளையாத கையைத் திரையைப் பார்த்து ஆட்டினாள். "ஏய், திரும்பிப் பாருடி! கண்ணு எங்கடி இருக்கு? போனை வையி! ஏறுடி!"

"ஏறு! ஏறு!" என்று மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. ஆணையரின் டவாலிகூட கத்தினார். ஐம்பது, ஐம்பத்தொன்று. ஐம்பத்து இரண்டில் அவள் ஒரு விநாடி ஆட்டோ இருக்கும் திசையைப் பார்த்தாள். பார்த்தது ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தை. ஐம்பத்து மூன்று, ஆனியின் கடைசி முகூர்த்தம். "சார்ஜ் இல்லைங்க." அவள் கடந்து போனாள். ஆட்டோ காலியாகக் கிளம்பியது.

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஜெயசீலன் படிவத்தோடு எழுந்தார். அவருடைய கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது, ஆனாலும் சம்பளம் வாங்குகிறவர்.

"ஏறலை மேடம்," என்றார் மெதுவாக. "ஒரு நாள்கூட ஏறலை. அப்ப அம்மா எழுதினது சரிதான். காயம் இல்லேன்னா இவரைப் பாத்தே இருக்க மாட்டாங்க."

மங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விரலுறை போய்விட்டது. ஆனால் அதற்காக அழ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு, ராட்டினத்தில் ஏறியது போலத் தலை சுற்றியது.

"நூருல்லா, பெட்டியா கற்பனை பண்ணி அவரை அங்க நிக்க வைக்குதா?" என்று கேட்டார் ஆணையர்.

"இல்ல மேடம். நிஜத்துல இருந்த பழக்கத்தைத்தான் பெட்டி உள்ள ஓட்டும். அடிபடுறதுக்கு முந்தின நிஜப் பதிவு இருக்கே. தை மாசத்துல இருந்து எல்லா முகூர்த்தத்துக்கும் நிஜமாவே நின்னிருக்காரு. ஏழு மாசம். ஒரு சவாரிகூட ஏத்தலை. அன்னிக்கு டிரோன் விழுந்தப்ப வாசல்ல ஆட்டோ இருந்ததே அதனாலதான்."

"அந்த ஏழு மாசத்துல அவருக்கு எவ்வளவு வருமானம் போயிருக்கும்?"

"முப்பத்தோராயிரம் மேடம்."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாறு வருசமா வருமான இழப்பு பாக்குறேன். காயமே இல்லாம வருமானத்தை இழந்த ஆளை இப்பத்தான் பாக்குறேன்." பிறகு ஜெயசீலன் பக்கம் திரும்பினார். "இவங்க ஏறினாங்களான்னு நான் கேக்கலை சார். இவர் நின்னாரான்னு கேட்டேன். காயம் படுறதுக்கு ஏழு மாசம் முன்னாடியே தன் கைக்காசைப் போட்டு நிக்க ஆரம்பிச்சிட்டாரு. இது இவரு குடுத்தது. டிரோன் குடுத்தது இல்ல. இன்னொருத்தர் குடுத்ததைக் கம்பெனி தன் கணக்குல எழுதிக்க முடியாது. ஒன்பது-அ. முழுத் தொகையும் தரணும்."

அப்புறம் என்ன நடந்தது என்று மங்கைக்குக் கோவையாக ஞாபகமில்லை. பூக்கட்டுகிறவர்கள் கூடையோடு பூவைக் கொட்டினார்கள். பால்பாண்டி எல்லோருக்கும் புரோட்டா தன் செலவு என்று அறிவித்து, மனைவியைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு இரண்டு என்று திருத்தினார். ஜெயசீலன் வந்து தங்கமாயனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "என் அட்டவணையில உங்களைக் கொறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

கூட்டம் சாப்பிடப் போனது. மண்டபத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவில் இவர்கள் இரண்டு பேரும் மட்டும்.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"என்னன்னு சொல்லுறது?" தங்கமாயன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "தை மாசம் ஒரு நாள் உன் பெட்டி திறந்து வளையலெல்லாம் ரோட்டுல உருண்டுச்சு. நான்தான் பொறுக்கிக் குடுத்தேன். நீ என் மூஞ்சியப் பாக்காமலே 'ரொம்பத் தேங்க்ஸ்ண்ணே'ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அந்த அண்ணேதான். அதுக்கப்புறம் எப்படி வாயைத் திறக்குறது?"

மங்கை இடது கையால் அவர் தோளில் ஒரு அடி போட்டாள். இன்னொன்றும் போட்டாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க பாருங்க," என்றான் நூருல்லா.

அவன் ஓட்டத்தை நிறுத்த மறந்திருந்தான். முகூர்த்தம் முடிந்தாலும் உள்ளே நாட்கள் போய்க்கொண்டேயிருந்தன. ஆனி முடிந்து ஆடி பிறந்திருந்தது. திரையில் ராஜகோகிலம் மஹால் பூட்டிக் கிடந்தது. வாழைமரம் இல்லை, மேளம் இல்லை. ஆனால் வேப்பமரத்தடியில் பச்சைக் கோடு போட்ட ஆட்டோ நின்றது. உள்ளே திருநீறு வைத்த தங்கமாயன்.

"ஆடியிலயுமா?" என்றாள் மங்கை.

"போன ஆடியில எனக்குத் தைரியம் வரலை. இந்த வருசம் வந்திருக்கும்போல," என்றார் பக்கத்தில் இருந்தவர், தானே நம்பாதவர் போல.

வீதியில் அந்த மங்கை வந்துகொண்டிருந்தாள். பெட்டி இல்லை, போன் அடிக்கவில்லை, கையில் காய்கறிப் பை. ஆடியில் அவளுக்கு என்ன அவசரம்? பூட்டிய மண்டபத்தைப் பார்த்தாள். அதன் முன்னால் நிற்கும் ஆட்டோவைப் பார்த்தாள். நின்றாள். பக்கத்தில் போய் ஏதோ கேட்டாள். திரையில் சத்தம் வைக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. உள்ளே இருந்த தங்கமாயன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, கையைப் பிசைந்து, ஏதோ பதில் சொன்னார்.

"என்ன சொல்றீங்க அங்க?" என்று கேட்டாள் மங்கை.

தங்கமாயன் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "சார்ஜ் இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

திரையில் அந்த மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காய்கறிப் பையைப் பின் சீட்டில் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவின் பின்னால் போய், இரண்டு கையையும் நன்றாக ஊன்றி, தள்ள ஆரம்பித்தாள். அந்த மனிதர் பதறிப்போய் முன்னால் ஓடி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பச்சை விளக்கைத் துண்டால் மறைத்தார்.

"அணைச்சிடவா அக்கா?" என்று கேட்டான் நூருல்லா.

"இருப்பா," என்றாள் மங்கை, கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல். "மேடு வரைக்குமாவது தள்ளட்டும்."